வீட்டில் ஈமு குஞ்சு பொரித்தல்

வீட்டில் ஈமு குஞ்சு பொரித்தல் என்பது ஈமுக் கோழியின் கருவுற்ற முட்டைகளைச் சிறிய அடைகாப்புப் பொறிகளில் வைத்து, தனி மனிதர்கள் தம் வீட்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்ப்பதைக் குறிக்கும். பறக்க இயலாத பெரும் பறவைகளுள் வீட்டளவில் இவ்வாறு அதிகம் பொரிக்கப்படுவன ஈமுவும், தென் அமெரிக்காவின் இரியாவும் ஆகும். நெருப்புக்கோழியின் முட்டையும் பறவையும் மிகப் பெரியவை ஆதலால் அது பெரும்பாலும் பண்ணைகளிலேயே பொரிக்கப்படுகின்றது. கசோவரி ஆபத்தான பறவை. 2019 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கசோவரி வளர்த்த முதியவர் ஒருவர் தம் பறவையாலேயே தாக்கப்பட்டு இறந்தார்.

ஈமு குஞ்சைப் பொரிக்கச் செய்வதற்கு ஏறத்தாழ 50 நாட்கள் போதும். பொரித்த பறவையோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. எனவே முட்டையை அடைவைக்கும் முன்னரே, பறவை இறுதியில் எங்கே வாழப்போகின்றது என்பது முடிவாகியிருக்க வேண்டும். இது முடிவாகாத நிலையில் பொரிக்கப்பட்ட பறவைகளே பின்னர் கைவிடப்பட்டு, புகலிடம் தேட வேண்டிய நிலைக்கு உள்ளாகின்றன.

பறவையும் அதன் இயற்கையான அடைகாப்பும்

ஈமு (அறிவியற் பெயர்: டிரோமையஸ் நோவேஹாலண்டியே) ஆஸ்திரேலியாவுக்கே உரிய பறவை. உயிர்வாழும் பறவைகளுள் நெருப்புக்கோழிக்கு அடுத்த உயரமுடையது. நன்கு வளர்ந்த பறவை 1.9 மீட்டர் வரை உயரமும், பொதுவாக 30 முதல் 45 கிலோகிராம் வரை எடையும் கொண்டிருக்கும். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது.

இப் பறவை குளிர்ந்த மாதங்களில் முட்டையிடும் இயல்புடையது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலம் இணைசேரும் பருவமாகும். வட அரைக்கோளத்துக்குக் கொண்டுவரப்பட்ட பறவைகள் அங்குள்ள குளிர்காலத்துக்குத் தம்மை மாற்றிக்கொண்டன. இந்தியாவில் இவை அக்டோபர் முதல் மார்ச்சு வரையிலான காலத்திலேயே பெரும்பாலும் முட்டையிடுகின்றன. முட்டைகள் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக இடப்படும். கரும்பச்சை நிறமும் சொரசொரப்பான ஓடும் கொண்ட முட்டை ஏறத்தாழ 13 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உடையது. எடை பெரும்பாலும் 450 முதல் 650 கிராம் வரை இருக்கும். அதாவது ஒரு முட்டை பத்துப் பன்னிரண்டு கோழி முட்டைகளுக்குச் சமம்.

அடைகாப்பது ஆண் பறவையே. அடையில் அமர்ந்த ஆண் ஏறத்தாழ எட்டு வாரங்கள் உண்பதும் இல்லை; நீர் அருந்துவதும் இல்லை. முட்டைகளைத் திருப்புவதற்காக நாளொன்றுக்குப் பத்து முறை அளவில் எழுந்திருக்கும். உடலிற் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டும், கிடைக்கும் பனித்துளிகளைக் கொண்டும் காலத்தைக் கழிக்கும் இப் பறவை, அடைமுடிவில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். இக் காலத்தில் பெண் பறவை வேறு ஆணுடன் இணைசேர்ந்து மீண்டும் முட்டையிடுவதும் உண்டு. பொரித்த குஞ்சுகளை ஏறத்தாழ ஏழு மாதங்கள் வரை காத்து, உணவு தேடக் கற்பிப்பதும் தந்தையே ஆகும்.

அடைகாப்புப் பொறியில் வைப்பவர் இந்தத் தந்தையின் வேலையைத்தான் ஏற்றுக்கொள்கின்றார். முதல் எட்டு வாரங்களைப் பொறி பார்த்துக்கொள்ளும். அதன் பின்னுள்ள ஏழு மாதங்களுக்குப் பொறி கிடையாது.

முட்டையைத் தெரிவு செய்தல்

முட்டைகள் பெரும்பாலும் வளர்ப்போரிடம் இருந்து நேரடியாகவோ அஞ்சல் மூலமோ பெறப்படுகின்றன. அஞ்சலில் வரும் முட்டைகள் குலுங்குவதால் உள்ளிருக்கும் காற்றறை இடம்பெயரக்கூடும். இத்தகைய முட்டைகளை ஒரு நாளாவது அசையாமல் வைத்திருந்த பின்னரே அடைவைப்பது வழக்கம். அடைவைக்குமுன் முட்டைகளை 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சியான இடத்தில் பத்து நாட்கள் அளவில் சேமித்து வைக்கலாம். அதற்கு மேல் நாட்கள் செல்லச் செல்லப் பொரிக்கும் வாய்ப்புக் குறையும்.

முட்டையைக் கழுவுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீருடன் நுண்ணுயிர்களும் உட்செல்லும் என்பதே காரணம். ஒட்டியிருக்கும் மண்ணை உலர்ந்த தூரிகையால் மெல்லத் துடைத்தால் போதுமானது.

அடைகாப்பு முறை

வெப்பநிலை: கோழி முட்டைக்கு ஏற்ற 37.5 பாகை செல்சியஸ் ஈமு முட்டைக்கு அதிகம். காற்றுச் சுழற்சியுள்ள பொறியில் ஏறத்தாழ 36 முதல் 36.5 பாகை வரை வைக்கப்படுகின்றது. கோழிக்கெனச் செய்யப்பட்ட பொறியை அதன் அமைப்பை மாற்றாமலே ஈமுவுக்குப் பயன்படுத்துவது தொடக்கநிலையில் உள்ளோர் செய்யும் பொதுவான பிழையாகும். வெப்பம் சற்றுக் குறைந்தால் பொரிப்பு ஓரிரு நாள் தள்ளிப்போகும். மிகுந்தாலோ கருவே இறக்கும். பெரிய முட்டை மெதுவாகவே குளிரும் ஆதலால், குறுகிய நேர மின்தடை பெரும்பாலும் கேடு செய்வதில்லை. எனினும் ஐம்பது நாட்கள் தடையின்றி மின்சாரம் கிடைக்காத ஊர்களில் மாற்று ஏற்பாடு இன்றியமையாதது.

ஈரப்பதமும் எடை இழப்பும்: ஈமு முட்டைக்குக் குறைந்த ஈரப்பதமே தேவை, 25 முதல் 40 விழுக்காடு வரையான சார்பு ஈரப்பதம் பரிந்துரைக்கப்படுகின்றது. ஆயினும் ஈரப்பதமானி காட்டும் எண்ணைவிட முட்டையின் எடையே நம்பகமான வழிகாட்டி. அடைகாப்புக் காலம் முழுவதிலும் முட்டை தன் தொடக்க எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை நீராவியாக இழக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 600 கிராம் முட்டை ஒன்று 48 நாட்களில் 12 விழுக்காடு இழக்க வேண்டுமெனில் மொத்த இழப்பு 72 கிராம், அதாவது நாளொன்றுக்கு 1.5 கிராம், வாரத்துக்குப் பத்தரை கிராம் ஆகும். வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வந்தால் போதும். இழப்புக் குறைவாக இருப்பின் பொறியிலுள்ள நீரைக் குறைக்க வேண்டும். மிகுதியாக இருப்பின் நீரைக் கூட்ட வேண்டும். போதிய நீரை இழக்காத முட்டையிலுள்ள குஞ்சு உடல் வீங்கி, திரும்ப இடமின்றி ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இவ்விடர் அதிகம்.

திருப்புதல்: முட்டை கிடைநிலையில் வைக்கப்பட்டு நாள்தோறும் பலமுறை திருப்பப்படுகின்றது. கையால் திருப்புவோர் ஒருபுறம் பெருக்கற் குறியும் மறுபுறம் வட்டமும் பென்சிலால் இட்டுக்கொள்வர். திருப்பாவிடின் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். இறுதிச் சில நாட்களில் திருப்புவது நிறுத்தப்படும்.

கருவை அறிதல்: கோழி முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கண்டறியலாம். ஈமு முட்டையின் ஓடு தடித்ததும் கருநிறமானதும் ஆகையால் சாதாரண ஒளி அதனூடே செல்லாது. பண்ணைகளில் அகச்சிவப்புக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. வீட்டில் பொரிப்போர் எடை இழப்பையும் நாற்றத்தையும் கொண்டே தீர்மானிக்க வேண்டியுள்ளது. அடையின் இறுதி வாரங்களில் முட்டையைச் சமதளத்தில் வைத்து அருகே சீழ்க்கை அடித்தால், உயிருள்ள குஞ்சு உள்ளிருந்து அசைவதால் முட்டை ஆடுவதைக் காணலாம். கருவி ஏதும் வேண்டாத இம் முறை வளர்ப்போரிடையே பரவலாக உள்ளது. ஆடாத முட்டைகள் எல்லாம் இறந்தவை எனக் கொள்ளலாகாது. வியர்த்துக் கசியும் முட்டையை உடனே அகற்ற வேண்டும். அழுகிய முட்டை பொறிக்குள் வெடித்தால் மற்றவையும் கெடும்.

பொரிப்பு: செயற்கை அடையில் பெரும்பாலான முட்டைகள் 48 முதல் 54 நாட்களில் பொரிக்கின்றன. குஞ்சு முதலில் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறையில் மூச்சுவிடத் தொடங்கும். முட்டைக்குள் இருந்து அதன் குரல் கேட்பது இக் கட்டத்தில்தான். பின்னர் ஓடு உடையும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த இடைவெளியில் குஞ்சு இரத்தக் குழாய்களில் உள்ள குருதியையும் மஞ்சள்கருப் பையையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றது. பொறுமையிழந்து ஓட்டைப் பிய்த்து உதவ முற்படுவோர் பல குஞ்சுகளைக் குருதிப்போக்கால் இழந்துள்ளனர்.

அரிதாக ஒரே முட்டையில் இரு குஞ்சுகள் உருவாகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணுவில் வேறுபாடற்ற பறவை இரட்டையர் முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்டது ஈமுவில்தான். இவ்வாய்வு 1999 ஆம் ஆண்டு வெளியானது.

குஞ்சு வளர்ப்பு

பாலேட்டு நிறத்தில் பழுப்புக் கோடுகள் கொண்ட குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும். இக் கோடுகள் ஏறத்தாழ மூன்று மாதங்களில் மறைகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மஞ்சள்கருவே உணவாகும். அதற்குள் வலிந்து ஊட்டத் தேவையில்லை. தொடக்கத்தில் 32 பாகை செல்சியஸ் அளவில் வெப்பமூட்டி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைப்பர்.

வீட்டில் பொரித்த குஞ்சுகள் இறப்பதற்கு அல்லது ஊனமடைவதற்கு முதன்மையான காரணம் கால்களே ஆகும். வழுக்கும் தரையில், குறிப்பாகச் செய்தித்தாள் விரித்த பெட்டியிலோ பளிங்குத் தரையிலோ விடப்பட்ட குஞ்சின் கால்கள் இருபுறமும் அகன்று, பின்னர் ஒன்றுசேராமலே போகின்றன. ரப்பர் விரிப்பு, கயிற்றுப் பாய், பழைய கம்பளம் போன்ற பிடிப்புள்ள தரை வேண்டும். விரிப்பிலிருந்து நூல் பிரியாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிரிந்த நூலைக் குஞ்சு விழுங்கிவிடும். அடுத்த காரணம் மிகையான ஊட்டம். புரதமும் ஆற்றலும் மிகுந்த தீவனத்தால் உடல் விரைந்து பெருக, எலும்பு அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் கால் முறுக்கிக்கொள்ளும். ஈமுவுக்கென்ற தீவனத்தோடு நாள்தோறும் நீண்ட தூரம் ஓடவிடுவதே இதற்கு மருந்து. ஒரு அறைக்குள் வளர்க்கப்படும் குஞ்சுக்கு இது கிடைப்பதில்லை.

ஈமு, பளபளப்பான எதையும் விழுங்கும். ஆணி, கம்பித் துண்டு, நாணயம், திருகாணி ஆகியன வயிற்றைத் துளைத்துக் கொல்லும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோவின் இலையும் காயும் பறவைகளுக்கு நஞ்சாகும்.

மனிதப் பதிவு

பொரித்தவுடன் தான் காணும் அசையும் பொருளைத் தந்தையாக ஏற்றுக்கொள்ளும் இயல்பு ஈமுக் குஞ்சுக்கு உண்டு. தனியாகப் பொரிக்கப்பட்ட குஞ்சு தன்னை வளர்ப்பவரை விட்டு அகலாது. அவர் அறையைவிட்டு வெளியேறினால் ஓயாமல் சீழ்க்கையொலி எழுப்பும். வளர்ப்போர் பெரிதும் விரும்புவதும் இதையே. ஆனால் பருவம் எய்திய பின் இதே பறவை மனிதரையே தன் இணையாகவோ போட்டியாளராகவோ கருதத் தொடங்கும். 40 கிலோகிராம் எடையுள்ள பறவை மோதுவதும் முன்னோக்கி உதைப்பதும் விளையாட்டல்ல. அதன் கால்கள் மூன்று விரல்களும் கூரிய நகங்களும் கொண்டவை. மேலும், இத்தகைய பறவை பிற ஈமுக்களுடன் பழகத் தெரியாததால் அதற்குப் புதிய இடம் தேடுவதும் கடினமாகின்றது.

இதனால் ஒரே குஞ்சைப் பொரிப்பதை அனுபவமுள்ளோர் ஏற்பதில்லை. ஒரே நாளில் பொரிக்குமாறு குறைந்தது இரண்டு மூன்று முட்டைகளையாவது வைத்து, குஞ்சுகளை ஒன்றாக வளர்ப்பர். அதிலும் ஒன்று மட்டுமே பொரித்தால், அதே வயதுள்ள குஞ்சுகளை வைத்திருப்பவரிடம் முதல் வாரத்திலேயே சேர்ப்பது பறவைக்கு நல்லது. பொரித்தவருக்கு அது எளிதன்று.

புதிய இடம் தேடுதல்

வீட்டில் பொரித்தவர்கள் பறவையைக் கைமாற்ற முற்படும் காலம் பெரும்பாலும் நான்காம் மாதத்துக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடைப்பட்டது. கோடுகள் மறைந்து, தலை மனிதரின் மார்பளவுக்கு வந்து, தோட்டம் முழுவதும் எச்சமான நிலை அது. அப்போது மூன்று தடைகள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது பாலினம். ஈமுவின் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. சிறு குஞ்சில் மரபணுச் சோதனை மூலமோ, தேர்ந்தவர் கழிவாயைச் சோதிப்பதன் மூலமோ மட்டுமே அறியலாம். வளர்ந்த பறவையைக் குரலால் பிரித்தறியலாம்: கழுத்திலுள்ள காற்றுப்பையைக் கொண்டு பறை போன்று அதிரும் ஒலியை எழுப்புவது பெண், உறுமுவது ஆண். பொரிப்பவற்றுள் பாதியளவு ஆண்களாகவே இருக்க, புதிதாகத் தொடங்குவோர் இணையாகவே கேட்கின்றனர். உபரி ஆண்களைக் கூட்டாக வைத்திருக்கக்கூடிய பெரிய நிலமுடையோர் சிலரே.

இரண்டாவது இடம். புதிய இடத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமுள்ள, பறவையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கம்பிவலை வேலி வேண்டும். முள்கம்பி கூடாது. மிரண்டு ஓடும் ஈமு வேலியைப் பார்ப்பதில்லை. நிழல், நீர், ஓடுவதற்கு நீண்ட வெளி, நாய்களிடமிருந்து பாதுகாப்பு, பெரும் பறவைகளைப் பார்க்க இசையும் கால்நடை மருத்துவர் ஆகியன கேட்டறிய வேண்டியவை. இறுதியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பதே பல இடங்களில் மிகக் கடினம். விலையின்றித் தருவதாக அறிவித்தால் முதலில் வருவோர் இறைச்சிக்காக வருவோராகவும் இருக்கலாம் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது பயணம். குஞ்சுகளைப் பிடிப்புள்ள விரிப்பிட்ட பெட்டியில் எளிதாகக் கொண்டு செல்லலாம். வளர்ந்த பறவையைப் பிடிக்க, பின்னிருந்து அணைத்துச் சிறு இறக்கைகளின் அடியிற் பற்றுவர். முன்னால் நிற்பவர் உதைபடுவார். கால்களைக் கட்டுவது முறையன்று. இருட்டடிக்கப்பட்ட, வழுக்காத தரையுள்ள வண்டியில் வெயில் தாழ்ந்த பின் அல்லது விடியலுக்கு முன் ஏற்றிச் செல்வர். நெடுநேரம் துரத்திப் பிடிக்கப்பட்ட பறவை, தசை நார்கள் சிதைவதால் அன்றோ சில நாள் கழித்தோ இறக்கக்கூடும். வெப்பநாளில் இது மிக விரைவாக நிகழும். பறவைக் காய்ச்சல் ஈமுவையும் தாக்கும் ஆதலால், புதிய இடத்தில் சில வாரங்கள் தனியே வைத்திருந்த பின்னரே பிற பறவைகளோடு சேர்க்கப்படுகின்றது.

ஏற்க எவரும் இல்லையெனில் பறவையை வெளியில் விட்டுவிடுவது தீர்வாகாது. செருமனியின் வடபகுதியில் 2000 ஆம் ஆண்டளவில் பண்ணை ஒன்றிலிருந்து தப்பிய ஒரு சில இரியாக்கள், 2018 இல் ஐந்நூறுக்கும் மேற்பட்டனவாகப் பெருகி வயல்களில் மேய்ந்தன. ஈமுவுக்கு நிகழ்வது பெரும்பாலும் இதற்கு எதிரானது: சாலையில் அடிபட்டோ, நாய்களாலோ, பசியாலோ இறந்துவிடுகின்றது.

சட்ட நிலை

ஆஸ்திரேலியாவில் ஈமு உள்நாட்டுக் காட்டுயிர் ஆதலால் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. காட்டிலிருந்து முட்டை எடுப்பது குற்றமாகும். ஐக்கிய இராச்சியத்தில் 1976 ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் பட்டியலிலிருந்து 2007 ஆம் ஆண்டு ஈமு நீக்கப்பட்டது. நெருப்புக்கோழியும் கசோவரியும் நீக்கப்படவில்லை. அங்கு வீட்டில் ஈமு பொரிப்பது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எனினும் இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் ஒரே ஒரு பறவை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவில் ஈமு அயல்நாட்டுப் பறவை. அதனைப் பட்டினி போடுவதோ கைவிடுவதோ 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும்.

கைவிடப்பட்ட பறவைகள்: இரு நிகழ்வுகள்

வீட்டளவில் நிகழும் சிக்கலின் பெரிய வடிவம் இரு நாடுகளில் காணப்பட்டது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஈமு எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பெரும் சந்தை உருவாகும் என்ற எதிர்பார்ப்பில் இணைப்பறவைகள் பல்லாயிரம் டாலர்களுக்கு விற்றன. வாங்கியவர்கள் குஞ்சு பொரித்துப் பிறருக்கு விற்றார்களே அன்றி, உண்பவர் எவரும் உருவாகவில்லை. அப் பத்தாண்டு முடிவதற்குள் விலை வீழ்ந்தது. டெக்சாசு போன்ற மாநிலங்களில் உரிமையாளர்கள் வேலியைத் திறந்து பறவைகளை விரட்டிவிட்டனர்.

தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு நிறுவனமும் அதைப் பின்பற்றிய பிற நிறுவனங்களும், வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு குஞ்சுகளை உழவர்களிடம் கொடுத்து, வளர்ப்புக்கு மாதந்தோறும் பணம் தருவதாக உறுதியளித்தன. திரைக் கலைஞர்கள் தோன்றிய விளம்பரங்களும் வெளியாயின. 2012 ஆகத்து மாதம் பணம் வழங்குவது நின்றது. தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், 1997 இன் கீழ் வழக்குகள் தொடரப்பட்டன. வைப்புத்தொகையை இழந்தோரின் கதை பரவலாக அறியப்பட்டது. பறவைகளின் கதை அவ்வளவாக அறியப்படவில்லை. தீவனமின்றி அடைபட்டிருந்த ஆயிரக்கணக்கான ஈமுக்களில் பல இறந்தன. எஞ்சியவற்றுக்குத் தீவனமளிக்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஏற்க நேர்ந்தது. ஏற்பதற்கு ஆளின்றி அவை நீண்ட காலம் அரசின் செலவிலேயே இருந்தன. சில தோட்டங்களில் தப்பிய பறவைகள் மட்டும் ஆடுமாடுகளோடு ஒன்றாய் மேய்ந்து வளர்ந்தன.

அடைவைக்காத முட்டைகள்

இடம் உறுதியாகாதபோது முட்டையை அடைவைக்காமல் இருப்பதே எளிய வழி. முட்டை உண்ணத் தக்கது. ஒன்றைக் கொண்டே ஒரு குடும்பத்துக்குப் பொரியல் செய்யலாம். சிறு துளையிட்டு உள்ளீட்டை அகற்றிய ஓடு அலங்காரப் பொருளாக விலைபோகின்றது. ஓடு பல அடுக்குகளால் ஆனது. மேலே கரும்பச்சை, அதன்கீழ் நீலப்பச்சை, உள்ளே வெண்மை. இவ்வடுக்குகளை வெவ்வேறு ஆழத்துக்குச் சுரண்டி உருவங்கள் செதுக்கும் கலை ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே இன்றும் உள்ளது.